அண்ணன யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?

இன்று காலை, கடலைத் தாண்டி பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. காற்று வாங்கத்தான்.

கோயிலில் பழக்கமான கமலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில், "அக்கா, அண்ணன யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?" என்றார்.

என் கணவர் பக்கவாதத்தில் படுத்து சில வருஷமாகிறது. எனக்கு அறுபத்தெட்டு வயது. போன மாதம் அவரைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, இருவருமே தரையில் விழுந்து கிடந்தோம். அன்றே மகனிடம் உதவி கேட்டுவிட்டேன். இப்போது சனிக்கிழமைகளில் கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்து அவன்தான் பார்த்துக்கொள்கிறான். கமலாவிடம் அதைச் சொன்னேன்.

"ஆம்பளப் பிள்ளைக்கு டயப்பர் மாத்தத் தெரியுமாக்கா?"

"நான் மட்டும் தெரிஞ்சிக்கிட்டா கல்யாணம் பண்ணேன்? சொல்லிக் குடுத்தேன், கத்துக்கிட்டான்லா."

கமலா சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தபடி சொன்னார்:

"மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. இப்பகூட அவங்களுக்கு மருந்து வாங்கத்தான் ஓடுறேன். எனக்கும் பிரஷர் இருக்குக்கா. கிளினிக் பக்கம் போயே ரொம்ப நாளாச்சு."

"வீட்டுக்காரரு?"

"ரிட்டயர் ஆயி வீட்டுலதான் இருக்காரு."

"அவருக்கு ஃபோன் போடுங்க."

தயங்கித்தான் போட்டார். ஆனால் குரல் தெளிவாக வந்தது. "என்னங்க, மத்தியானம் அம்மாவுக்குக் கஞ்சி நீங்க ஊட்டிருங்க. நான் பிரஷர் பாக்கப் போறேன், வர லேட்டாகும்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே கேள்வி: "கரண்டி எங்க இருக்கு?"

கரை சேரும்வரை சிரித்தோம். கிளினிக்குக்கு நானும் கூடவே போனேன். பிரஷர் ஏறித்தான் இருந்தது, மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் கரண்டி இருக்கும் இடம் எத்தனை பேருக்குத் தெரியும்? உண்மையைச் சொல்லுங்கள்.