நாட்டுக் கணக்கில் ஒரு மயிலாப்பூர் மாடு

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். நாட்டின் வயலும் மாடும் காடும் ஓராண்டில் பூமியைச் சூடாக்கும் வாயுவை எவ்வளவு காற்றில் கலக்கின்றன என்ற மதிப்பீட்டில் ஒரு பகுதியை அங்கே தயாரிக்கிறோம். கணக்கு அட்டவணையின் வரிசைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்: தண்ணீர் தேங்கிய நெல்வயல் ஒருவருக்கு, எரு ஒருவருக்கு, வயல் மனையாக மாறுவது இன்னொருவருக்கு. எனக்கு மாட்டின் ஏப்பம். அசைபோடும் மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேன் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. நாட்டின் வேளாண்மைக் கணக்கில் மிகப் பெரிய வரிசை அதுதான். நெல்வயலும் அதிகம் பின்தங்கவில்லை. மதியம் எல்லோரும் கணினியை மூடிவிட்டு இந்த இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து, மாவடு தொட்டுக்கொண்டு சாப்பிடுவோம். தயிர்சாதம் என்பது அதன் பொதுப்பெயர்.

அம்மாவுக்கு என் வேலையில் பெருமை குறைவு.

“மாடு ஏப்பம் விடறதை எண்ணறதுக்கா உன்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சோம்?”

“எண்ணறதில்லைம்மா, மதிப்பிடறோம்.”

“ஜாதகம் கேக்கறவா கிட்ட கம்ப்யூட்டர்ல வேலைன்னு மட்டும் சொல்லிண்டிரு.”

மாடு விடும் வாயு அது தின்பதைப் பொறுத்தது. எங்கள் அட்டவணையில் நகரத்து மாடும் கிராமத்து மாட்டைப் போலவே வைக்கோல் தின்று, புல் மேய்ந்து வாழ்ந்துவந்தது. எங்கள் மேலதிகாரி மேடத்துக்கு ஒருநாள் அதில் சந்தேகம் வந்தது. நகரத்து மாடு உண்மையில் என்ன தின்கிறது என்று ஆளுக்கொரு பேட்டையில் விசாரிக்கச் சொன்னார். வீட்டுக்குப் பக்கம் என்பதால் நான் மயிலாப்பூரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அமாவாசைதோறும் அப்பா தர்ப்பணம் முடித்ததும் அம்மா மாட வீதிக்குப் போய்ப் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பாள். முன்னோர்களுக்கு அது போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. வீதி முனையில் மாட்டுக்காரம்மா ஒருவர் தன் செவலைப் பசுவோடு நிற்பார்; காலடியில் கீரைக்கட்டுகள் குவிந்திருக்கும். அவரிடம் கீரையை வாங்கி அவர் மாட்டுக்கே கொடுக்க வேண்டும். ஆக, அந்த மாட்டின் தீவனச் செலவை மயிலாப்பூரின் மறைந்த பெரியவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு கச்சிதமான நிதித் திட்டத்தை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

ஒரு அமாவாசை காலையில் அம்மாவோடு போனேன், கழுத்தில் அலுவலக அடையாள அட்டையோடு. அந்த அட்டைதான் தவறு. அதற்கு முந்தைய வாரம் ரோட்டில் நின்ற குற்றத்துக்காகச் செவலையை மாநகராட்சி வண்டி பிடித்துக்கொண்டு போயிருந்தது. அபராதம் கட்டி மீட்ட மாடு. இன்னொரு முறை சிக்கினால் திரும்பி வராது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது.

“மாடு என்ன சாப்பிடும்?” என்று கேட்டேன்.

மாட்டுக்காரம்மா என் கழுத்தைப் பார்த்தார். “வைக்கோலுமா. வெறும் வைக்கோல்.”

அவருக்குப் பின்னால் அம்மா ஒரு கட்டுக் கீரையைச் செவலையின் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

“வெளியே மேயுமா?”

“வூட்ட வுட்டே வராதுமா. ரோடு எப்டி கீதுன்னே அதுக்குத் தெரியாது.”

“ஆத்தா, கொஞ்சம் ஓரம் போ!” என்று ஆட்டோக்காரர் ஒருவர் நடுரோட்டில் நின்ற செவலையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“உங்ககிட்ட மொத்தம் எத்தனை மாடு?”

“எனக்கு ஏதுமா மாடு? இது பக்கத்து வூட்டுது. சும்மா புட்ச்சிகினு நிக்கிறேன்.”

“ஏண்டி அவளைப் போட்டுக் குடையறே?” என்றாள் அம்மா.

நான் மாநகராட்சி ஆள் இல்லை என்று சொல்லி, வாயு விவகாரத்தை முடிந்தவரை எளிமையாக விளக்கினேன். மாட்டுக்காரம்மா முழுவதையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“ஏப்பம் வுட்டா தப்பாமா?”

“தப்பில்லை. கணக்கு எடுக்கறோம், அவ்வளவுதான்.”

“மனுசன் வுடறதுக்கு இன்னா கணக்கு?”

அதற்குள் மாடு பிடிக்கும் வண்டி வந்து நின்றது. மாட்டை நகர்த்தவும் வழியில்லை. கீரைக்கட்டும் கையுமாகச் சுற்றி நின்ற யாரும் மாட்டுக்குக் கொடுக்காமல் நகர்வதாக இல்லை. பஞ்சகச்சம் கட்டிய மாமா ஒருவர், “நான் குடுத்துடறேன், அப்பறமா பிடிச்சுக்கோங்கோ,” என்று வண்டியிலிருந்து இறங்கிய ஊழியரிடம் சமரசம் பேசினார்.

மாட்டுக்காரம்மா கயிற்றை என் கையில் திணித்தார். “பாப்பா, நீயே சொல்லு. எனுக்கு இத்த வுட்டா வேற ஒண்ணும் இல்ல.”

ஊழியரும் என் அட்டையைப் பார்த்தார். “மேடம் எந்த டிபார்ட்மென்ட்?”

“நாட்டோட மாட்டுக் கணக்கு.”

“இந்த மாடு அதுல கீதா?”

“இருக்கு.”

அது பொய்யில்லை. நாட்டின் எல்லா மாடுகளும் அதில் இருக்கின்றன.

“எதுக்குக் கணக்கு?”

“ஏப்பத்துக்கு.”

அவர் என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். செவலை எந்த ஒத்துழைப்பும் தராமல் மென்றுகொண்டிருந்தது.

“நைனா, ஏப்பத்துக்குக் கூட ஆள் போட்டுக்கீறாங்கடா!” என்று டிரைவரிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு மாட்டுக்காரம்மாவிடம் திரும்பினார். “ஆராய்ச்சின்னா வூட்டுக்குள்ள வெச்சு பண்ணச் சொல்லு. இன்னொருவாட்டி ரோட்ல பாத்தேன், மேடத்தையும் சேத்து ஏத்திருவேன்.”

வண்டி போனதும் மாட்டுக்காரம்மா செவலை தின்பதையெல்லாம் ஒளிவில்லாமல் சொன்னார்: அகத்தி, வாழைத்தண்டு, கல்யாண மண்டபத்து இலை, மீந்துபோன இட்லி. வைக்கோல் எப்போதாவது. நான் அட்டவணையில் மயிலாப்பூரைத் திருத்திக் கொடுத்தேன். நாட்டின் மொத்தம் கடைசி இலக்கத்தில்கூட அசையவில்லை.

அடுத்த அமாவாசைக்கு அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்காததால் நான் போனேன். வீதி முனை காலியாக இருந்தது. கீரைக்கட்டோடு போனவர்களைப் பின்தொடர்ந்து ஒரு சந்துக்குள் நுழைந்தேன். மாட்டுக்காரம்மாவின் வீட்டு இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உடம்பு முழுக்க உள்ளே, தலை மட்டும் வெளியே என்று செவலை நின்றது. கீரை கொடுக்க நின்றவர்களின் வரிசை சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு ரோடுவரை நீண்டிருந்தது. அதன் வாலில் அதே வண்டி மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது.

ஊழியர் இறங்கி வந்தார். மாட்டுக்காரம்மா கதவுக்குப் பின்னாலிருந்தே கத்தினார்: “மாடு வூட்டுக்குள்ளதான் கீது சார்! ரோட்ல நிக்கிறது ஜனங்க. வேணும்னா அவுங்கள புடி!”

அவர் வரிசையை மேலும் கீழும் பார்த்தார். வேட்டியும் மடிசாருமாக இருந்த அந்தக் கூட்டத்தை வண்டியில் ஏற்ற அவரிடம் விதி இல்லை. நடுவில் என்னைக் கண்டுகொண்டார்.

“இன்னா மேடம், இன்னிக்கும் கணக்கா?”

“இல்லை சார். தாத்தாவுக்கு.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு, டிரைவரைப் பார்த்து இஞ்சினை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார்.