நரம்பு வழி போகும் சாப்பாடு

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் 'சமையல்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அசல் வேலை மருந்தாளுநர். குடலில் அறுவை சிகிச்சை முடிந்து, வாய் வழியாக எதையும் சாப்பிடக் கூடாத குழந்தைகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் சத்துநீரைக் கலந்து பையில் அடைப்பது அவர் பொறுப்பு. தொப்பி, முகமூடி, கையுறையோடு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் இடியே விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். வீட்டிலோ கதையே வேறு. ஒருமுறை முட்டை வேகவைக்கப் போய்ப் பாத்திரத்தைக் கருக்கியதிலிருந்து அடுப்பு கணவர் வசம்.

ஒரு நாள் வார்டு நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, உங்க சமையல் மேல புகார் வந்திருக்கு."

"என் மேலயா? யாரு சொன்னது?"

"ஜன்னலோரக் கட்டில் குட்டிதான். தினமும் ஒரே சாப்பாடாம். சமைக்கிறவங்கள வரச் சொல்லுன்னு ஒரே பிடிவாதம்."

அதுவரை அவர் கலந்த பைகள்தான் வார்டுக்குப் போயிருந்தன; அவர் போனதில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை முடிந்ததும் விறுவிறுவென்று மாடி ஏறினார்.

குடல் முறுக்கிக்கொண்டு கெட்டுப்போனதால் அந்தச் சிறுமிக்கு ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சக் குடல் தேறி வரும்வரை பைதான் சோறு, பைதான் தண்ணீர். ஆனால் வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

"நீங்கதான் சமையல்காரம்மாவா? ஏன் எப்பவும் வெள்ளையாவே குடுக்குறீங்க?"

"அது கொழுப்பு கண்ணு. அதான் பால் மாதிரி தெரியுது."

"எனக்கு ஏற்கனவே கொழுப்பு ஜாஸ்தின்னு அம்மா சொல்றாங்களே!"

பக்கத்திலிருந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சமையல்காரம்மா விடவில்லை.

"ஒரே சாப்பாடுன்னு யாரு சொன்னா? உன் ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்துட்டு, உப்பு, சர்க்கரை எல்லாம் கூட்டிக் குறைச்சுத்தான் கலக்குறேன்."

"ருசி பார்த்தீங்களா?"

இவ்வளவு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. அதை யோசித்துக்கொண்டே கீழே இறங்கினார். மறுநாள் சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே மறுபடியும் போனார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நரம்புக் குழாய் வழியாகக் கிருமி போயிருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். பையைக் கழற்றி, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எங்கே கை பட்டது, எந்த மூடியைச் சரியாகத் துடைக்கவில்லை என்று சமையல்காரம்மா மனசுக்குள் அந்தப் பையைக் கலந்த வேலையை ஆரம்பத்திலிருந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். வீட்டில் தட்டைத் தொடவே இல்லை.

"ஏம்மா, பாத்திரத்தைக் கருக்கினப்பகூட நீ இவ்வளவு கவலைப்படலையே?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க. அது பாத்திரம், இது குழந்தை."

கேலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் அவர்.

பரிசோதனையில் குழாயும் பையும் சுத்தம் என்று தெரிந்தது. குழந்தையைப் பார்க்க வந்த சித்தப்பா ஆசையாக முத்தம் கொடுத்தபோது கூடவே தன் ஜலதோஷத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஆறடி மனுஷரைக் குழாயடியில் நிறுத்தி, கை கழுவுவது எப்படி என்று சமையல்காரம்மா எடுத்த வகுப்பை வார்டே வேடிக்கை பார்த்தது.

காய்ச்சல் இறங்கியது. பை திரும்ப ஏறியது. கொஞ்ச நாளில் வாய் வழியாக ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று ஆரம்பித்தார்கள். அது கூடக் கூட, பை இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் அந்தக் கட்டிலுக்குப் பையே வேண்டாம் என்று தகவல் வந்தது.

கை ஓடாமல் மாடிக்குப் போனார். குழந்தை மசித்த உருளைக்கிழங்கோடு மும்முரமாக இருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்ப பேச முடியாது ஆன்ட்டி, சாப்பிடுறேன்."

"ஏய், என்ன பேச்சு இது!" என்று அதட்டினாள் அம்மா.

"விடுங்கம்மா, அவ வேலையைக் கெடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தட்டு காலியாகும்வரை அங்கேயே நின்றார் சமையல்காரம்மா. உருளைக்கிழங்கின் மேல் லேசாகப் பொறாமைகூட வந்தது என்று பிற்பாடு நர்ஸிடம் ஒத்துக்கொண்டாராம்.