திம்பம் மலைக்கு ஒரு முன் சீட்டு

என் கணவருக்கு சவூதியில் டிரெய்லர் ஓட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. ஜும்ஆ தொழுதுவிட்டு ரூமுக்கு வந்ததும் போன் செய்வார். இங்கே செராமிக் பேட்டையில் எனக்கு அது டீ நேரம். பீங்கான் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். கூட வேலை பார்க்கும் பெண்கள் தள்ளிப் போய்விடுவார்கள், ஏதோ கொஞ்சல் நடக்கிறது என்று நினைத்து. நாங்கள் பேசியதோ ரோடு.

அவர் புலம்பியதில் ஆரம்பித்தது அது. "இங்க ரோடு ஸ்கேலு வச்சு கோடு போட்ட மாதிரி கெடக்குது புள்ள. ஸ்டியரிங்கத் திருப்பவே வேலையில்ல. நல்லா வளைஞ்சு வளைஞ்சு போற மலை ரோட்டுல உன்னப் பக்கத்துல ஒக்கார வச்சு ஓட்டணும்."

அடுத்த வெள்ளிக்கே வழியோடு வந்தார். தஞ்சாவூரில் புறப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும். காவிரி வருகிற வழியில் நாம் எதிரே ஏறிப் போகிறோம் என்றார். திருச்சி, குளித்தலை, கரூர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழை. பவானியில் ராத்தங்கல். சத்தியமங்கலம் தாண்டி பண்ணாரியில் மலையடிவாரம். அங்கிருந்து திம்பத்துக்கு இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் காடு, யானை இருந்தால் யானை. கடைசியில் திப்புவின் கோட்டை.

"நான் வண்டியத்தான் பாப்பேன். ரூட்டும் வளைவும் நீதான் சொல்லணும்" என்றார். நானும் அதை நம்பி போன் மேப்பை விரித்து விரித்து ஊர்களை மனப்பாடம் செய்தேன். பத்தாவதில் சரித்திரத்தை இப்படிப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு யானையும் பெரிதில்லை, கோட்டையும் பெரிதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த முன் சீட்டு. எங்கள் வீட்டில் கார் கிளம்பினால் முன்னால் மாமியார் உட்காருவார். அவர் வராவிட்டால் மூட்டுவலிக்கார நாத்தனார். அவரும் இல்லை என்றால் யாராவது ஒரு பெரியவர். மருமகளுக்குப் பின் சீட்டில் நடு இடம், மடியில் ஒரு தூக்குவாளி. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டும், அவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு தடவை கூட இல்லை. கேட்டால் சின்ன விஷயம். எனக்கு அது சின்னதாக இல்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். வந்தவுடன் சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் போய் ஸலாம் சொல்ல வேண்டும். சென்ட்டு பாட்டில், தைலம், துண்டு. ஒரு வீட்டை விட்டால் ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. லீவு முடியப் போகும்போது அதே வீடுகளுக்குத் திரும்பவும் பயணம் சொல்லிக்கொள்ளப் போக வேண்டும். சும்மா அனுப்புவார்களா? வீட்டுக்கு வீடு விருந்து. இந்த இரண்டு சுற்றுக்கும் நடுவில் மிச்சம் விழும் நாட்கள்தான் எங்களுக்கு.

ஒரு லீவில் அப்படி நாலு நாள் மிச்சம் விழுந்தது. இவரே ஓட்டுவதாக வாடகைக் கார் பேசியாயிற்று. நான் புதுத் துப்பட்டாவுக்கு ஓரம் அடித்து வைத்துவிட்டேன். அப்போது இவர், "அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாம்" என்றார். சொல்லாமல் போவது மரியாதை இல்லையே என்று நானும் தலையாட்டினேன். அங்கேதான் போயிற்று எல்லாம்.

மாமியார் கோபித்திருந்தால் கூடப் பரவாயில்லை. அவருக்கு ஏக சந்தோஷம். "தஞ்சாவூரு வரைக்கும் போறீங்க, அப்படியே நாகூரு எட்டாதா? பெண்ணாடத்துக்காரங்களும் எத்தன நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார். சாயங்காலத்துக்குள் கார் வேனாகிவிட்டது. பெண்ணாடத்து நாத்தனார் குடும்பம் வந்தது. சேத்தியாத்தோப்பில் சின்ன மாமனார் குடும்பம் ஏறியது. மாமியார் முன்னால். நான் கடைசி சீட்டில் பிரியாணி அண்டா சாயாமல் பிடித்துக்கொண்டு. வேன் ஓட்டிய இவர் கண்ணாடியில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாகூர் கடற்கரையில், "அடுத்த லீவுல கண்டிப்பா" என்றார். அடுத்த லீவில் ஒரு கல்யாணம். அதற்கடுத்த லீவில் மாமியார் படுக்கையில். யார் மீதும் குற்றம் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். எல்லோரும் பிரியமானவர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் 'முடியாது' என்று சொல்கிற வாய்தான் இல்லை.

ஆனாலும் வெள்ளிக்கிழமைப் பேச்சு நிற்கவில்லை. ரோடு அங்கேயேதானே இருக்கிறது, எங்கே போய்விடும் என்பார் அவர்.

போன வருடம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. பாண்டிச்சேரியில் ஊசி போட்டார்கள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். இப்போது ஜும்ஆ முடித்து வந்தால் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். கடல் தாண்டி இருந்தபோது ஓயாமல் பேசிய மனிதர், ஒரே வீட்டில் இருக்கும்போது வாய் திறப்பதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போகலாமா என்று ஒருநாள் கேட்டதற்கு, "நான் ஓட்டாம என்ன போறது?" என்றார்.

நான் விடவில்லை. எங்கள் தெருவில் கார் வைத்து ஓட்டுகிற பாயைப் பேசினேன். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வழியாகத் தஞ்சாவூர் போய், அங்கிருந்து எங்கள் ரோட்டைப் பிடித்தோம். அடுத்த வீட்டு ஆண்பிள்ளை ஓட்டும்போது நான் முன்னால் உட்கார முடியுமா? "நீங்களாச்சும் பின்னால வாங்களேன்" என்றேன். "பின்னால ஒக்காந்தா தல சுத்துது" என்று அவர் முன்னால் ஏறிக்கொண்டார். பின் சீட்டு முழுவதும் எனக்கு. காலை நீட்டிக்கூடப் படுக்கலாம்.

ஆறும் வாழையும் அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தன. பண்ணாரி தாண்டி வண்டி மலை ஏறியது. முதல் வளைவு திரும்பியதுமே இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தானாக மடிமேல் ஸ்டியரிங் திருப்பியது.

"பாய், இது எத்தனாவது வளைவு?"

ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போர்டு இருக்கிறது. பாய் படித்துச் சொன்னார். அடுத்த வளைவிலும் இவர் கேட்டார், பாய் சொன்னார். மலை முழுக்க அப்படித்தான். எனக்கு எல்லாம் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை.

திம்பத்தில் டீக்கடை ஓரமாக வண்டி நின்றது. பாய் டீ வாங்கப் போனார். இவர் மெல்லத் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று!

"நல்லா இருக்குதா புள்ள?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன், குரலைச் சரிசெய்துகொண்டு. கண்ணைத் துடைக்க அவசரமே இல்லை. அவருக்கு அவ்வளவு தூரம் தெரியாது.