பனி விலகும் மாதம்

பனி எப்போது விலகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பழவேற்காட்டில் நான் படகுக்குத் தண்டல். நான் கை காட்டினால்தான் ஆறு பேர் துடுப்புப் போடுவார்கள். ஒல்லாந்தர் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஆழத்தில் நிற்கும். கோட்டையிலிருந்து வரும் துணி மூட்டைகளை முகத்துவாரம் வழியாக அலை தாண்டிக் கொண்டுபோய் ஏற்றுவது எங்கள் வேலை. எந்த அலைக்குப் போவது, எந்த அலைக்கு நிற்பது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இன்னும் முழுசாகப் போகவில்லை.

என் ஒரே மகன் என் படகில்தான் போனான். பத்தொன்பது வயது. அன்றைக்கு அலையைச் சரியாகத்தான் கணித்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். படகு கவிழ்ந்தது. மூட்டைகள் எல்லாம் இரண்டு நாளில் கரை ஒதுங்கின. அவன் ஒதுங்கவில்லை.

உடம்பைப் பார்க்காததால் என் மனைவி அவன் செத்ததைப் பாதிதான் நம்பினாள். காரியம் செய்யவும் விடவில்லை. இரண்டு வருஷம் இப்படியே போனது. அப்போது வடக்கே இமயமலையில் இருக்கும் பத்ரிக்கு நடந்து போய்த் திரும்பிய தெலுங்குக்காரர் ஒருவர் எங்கள் ஊர்ச் சத்திரத்தில் வந்து தங்கினார். அந்த மலைக்கோயிலில் பிண்டம் வைத்துவிட்டால் அப்புறம் எங்கேயும் வைக்க வேண்டாம், கடலில் போனவன்கூட கரையேறிவிடுவான் என்றார். கரையேறுவான் என்ற சொல்லைக் கேட்டதும் இவள் சத்திரத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். எழுந்தபோது முடிவு செய்திருந்தாள்.

"போவலாம்யா. எவ்ளோ தூரமா இருந்தாலும் சரி, அங்க வெச்சிடலாம்."

தெலுங்குக்காரர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "மஞ்சு போனாத்தான் அங்க வழி. அதுக்கு முந்தி போவாதே." மஞ்சு என்றால் தெலுங்கில் பனி. எல்லைப்பக்கத்து ஊர், எங்களுக்கு அது தெரியாதா? எந்த மாதம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மார்கழியில் ஏரிமேல் பனி இறங்கினால் எதிர்க்கரை தெரியாது. வெயில் ஏறினால் ஓடிவிடும். மாசியோடு பனிக்காலமே முடிந்துவிடும். ஆகவே பங்குனியில் மலையடிக்குப் போய்ச் சேர்ந்தால் வழி சுத்தமாக இருக்கும். விரலை மடக்கி எண்ணி, கார்த்திகை மழை விட்டதும் கிளம்பினோம். மாசியில் புறப்பட்டால் போதுமே என்றவர்களை, வெயிலில் வேகப் போகிறீர்களா என்று கேலி செய்தேன்.

நூறு நாளுக்கு மேல் நடந்தோம். அவள் காலில் வெடிப்பு விட்டு, துணி சுற்றிக்கொண்டு நடந்தாள். வாய்விட்டு ஒரு நாளும் நொந்துகொள்ளவில்லை. காசி தாண்டியதும் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். சின்ன வயசில் அவன் மணலைத் தின்றது, என்னோடு சண்டை போட்டுக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனது எல்லாம் சொன்னாள். போனவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி முதல்முறையாகப் பேசினாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

பங்குனிக் கடைசியில் மலையில் கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்கு மேலே வழி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. உப்பு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவள் குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு இல்லய்யா. தண்ணி."

கோட்டையில் ஒல்லாந்துச் சிப்பாய் ஒருவன், தன் ஊரில் குளிர்காலத்தில் ஏரி இறுகிப்போகும், அதன்மேல் நடப்போம் என்று சொன்னதுண்டு. சாராயம் பேசுகிறது என்று சிரித்தோம். ஆள் உயரத்துக்குக் கிடந்த அந்தப் பனிக்கு முன்னால் நின்றபோதுதான் அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. எங்கள் பாஷையில் இரண்டுக்கும் ஒரே பெயர். வெயில் ஏறினால் ஓடுகிறதும் பனி, மலையை மூடிக்கொண்டு ஆறு மாதம் கிடக்கிறதும் பனி.

காசியில் பிடித்துக்கொண்ட நாலு வார்த்தையை வைத்து ஊர்க்காரர்களிடம் விசாரித்தேன். இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். குளிர்காலத்தில் மேலே கோயிலைப் பூட்டிவிட்டு, சாமியைக் கீழே இந்த ஊருக்குக் கொண்டுவந்து வைப்பது வழக்கமாம். அதைப் போய் அவளிடம் ஆறுதலாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு மாதம் இருக்கலாம் என்று ஒரு மாட்டுக் கொட்டகையில் இடம் பிடித்தேன். அவள் தினமும் வெளியே போய் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பேச்சு குறைந்தது. மகனைப் பற்றிய பேச்சு நின்றே போனது. எட்டாம் நாள் காலையில் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே இது?"

"ஊருக்குப் போவலாம்."

"இன்னும் இருபது நாள்மே. வழி தொறந்துடும்."

"சாமியே அங்க இருக்க முடியாம கீழ வந்துட்டாரு. எம்புள்ளய அங்க கொண்டுபோயி வுடச் சொல்றியா? ஏற்கெனவே தண்ணில கெடக்கறான்யா அவன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதற்காகவா இத்தனை தூரம் நடந்தோம் என்று கத்தினேன். பைத்தியக்காரி என்றேன். மாட்டுக்காரன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நானும் பின்னால் போனேன். ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் அவள் கண்ணில் பச்சை மலைதான் பட்டிருக்கும். அழுதுகொண்டே வைத்துவிட்டு நிம்மதியாக இறங்கியிருப்பாள். கணக்குப் போட்டவன் நான்.

அவள் கால் நடக்க விடாததால் மலையடியில் ஒரு மடத்தில் மூன்று வாரம் தங்கினோம். அங்கிருந்து கிளம்பிய அன்று எதிரே ஒரு கூட்டம் மேலே போய்க்கொண்டிருந்தது. வழி திறந்துவிட்டது, நீங்களும் வாருங்கள் என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார்கள். அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"இன்னா சொல்றாங்கோ?"

"பனி போயிடுச்சாம்."

மேலே போகிற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"மறுபடி வருமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வருசா வருசம் வருமாம்" என்றேன்.

"அப்ப வாணாம். நட."

அதற்குப் பிறகு அவள் ஒன்பது வருஷம் இருந்தாள். கடைசிவரை மூன்று பேருக்குத்தான் உலை வைத்தாள்.