மின்மினிக்குப் போன கடைசிப் படம்

கோவையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாமா ஒரு கேமராவோடு வந்து இறங்கிய அந்தக் கோடையில், முதலமடையில் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் வீட்டில் படம் பிடிக்கப்படாத முகமே இல்லை. கன்றுக்குட்டிக்குக்கூட இரண்டு படம். பிலிமில் ஒரே ஒரு படத்துக்கு இடம் மிஞ்சியபோதுதான் அப்புச்சிக்குச் சித்தியின் நினைவு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படம் கேட்டிருந்தார்கள். ஸ்டூடியோவுக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. அங்கே படத்தைக் கண்ணாடிக்குள் மாட்டி, சந்தைக்கு வருகிறவனையெல்லாம் பார்க்க வைத்துவிடுவார்களாம்.

ஆனிக்குள் படம் போயாக வேண்டும். ஆடியில் யாரும் சம்பந்தம் பேசமாட்டார்கள். சித்தியோ பாலக்காட்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஆடியில்தான் சேர வேண்டும். படிப்பெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் என்றுவிட்டார் அப்புச்சி. இதெல்லாம் பெரியவர்கள் பேச்சு. எனக்கு வேண்டியது மின்மினி. முதல் மழைக்குப் பிறகு மாந்தோப்பு முழுக்க அவைதான்.

"மாமா, மின்மினியப் படம் புடிங்க!"

"ஒண்ணுதான் இருக்குது. அது உங்க சித்திக்கு."

"எம்மூஞ்சி எங்கடா ஓடிப்போகுது? புள்ள ஆசப்படுது, மின்மினியவே புடி" என்றாள் சித்தி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் என்னைப்போல இன்னொரு மின்மினிப் பைத்தியம் இருந்திருக்கிறதே!

இரவு மாமா ஒரு மாம்பழப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் கேமராவை வைத்து, பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியே வைத்திருந்தால் பூச்சி பறக்கிற வழியெல்லாம் கோடாக விழுமாம். இருட்டில் நிற்கிற ஆள் விழமாட்டாராம். அதைக் கேட்டதும் சித்தி துணிந்து மரத்தடிக்கே போய் நின்றாள்.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரின் காவல்காரரிடம் சொல்லத்தான் மறந்துபோனோம். குத்தகைக் காலத்தில் சொந்தக்காரர்களும் அவருக்குக் கள்ளர்கள்தான்.

"ஆரடா அது? மாங்காக் கள்ளனுகளா!"

டார்ச் வெளிச்சம் நேராகச் சித்தியின் முகத்தில் அடித்தது.

"நாந்தானுங்கண்ணா! ஒரு பிஞ்சக்கூடத் தொடலீங்க!" என்று சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன்.

ஆடி நோம்பிக்கு மறுபடி போனபோதுதான் கழுவிய படம் கோவையிலிருந்து வந்திருந்தது. மின்மினிகள் ஓரத்தில் மங்கலாக ஒன்றிரண்டு கோடுகள். நடுவில், கலைந்த தலையும் வாய்கொள்ளாச் சிரிப்புமாகச் சித்தி.

"இத எந்த ஊட்டுக்குடா அனுப்பறது? பல்லு பூராத் தெரியுது" என்று மாமாவிடம் கத்தினார் அப்புச்சி. கத்தினாரே தவிர, படத்தைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

படம் போகாமலே ஆனி முடிந்ததில் சம்பந்தப் பேச்சும் நின்றுபோயிருந்தது. உள்ளே சித்தி, பாலக்காட்டுப் பள்ளிக்குப் போக டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆசை ஆசையாகக் கேட்ட மின்மினி சரியாக விழவில்லையே என்று அவளை நினைத்து எனக்குத் தாங்கவில்லை.

"வெசனப்படாதீங்க சித்தி, வர்ற வருசம் மாமாவ நல்லாப் புடிக்கச் சொல்றேன்."

அவள் என்னை இழுத்து இறுக்கிக்கொண்டாள். "எனக்கு இதே போதுஞ்சாமி."

பாவம் சித்தி, மங்கலான இரண்டு கோட்டுக்கே இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.