அண்ணன் வைத்த விசில்

என் பழைய போனை ஒரு ரப்பர் பட்டைக்குள் சொருகி, அண்ணன் அதைத் தன் புஜத்தில் கட்டிக்கொள்வான். பயில்வான் கை என்று நினைத்துவிட வேண்டாம். பட்டை நழுவாமல் இருக்க நான்தான் ஊக்கு குத்திவிட வேண்டும். சிறுசேரிக்குப் போகும் என் ஆபீஸ் கேப் வருவதற்குள் அவனோடு நெம்மேலி கடற்கரைக்குப் போய்வருவது அப்போது என் தலையெழுத்தாக இருந்தது. போனில் இன்டர்வெல் டைமர் என்று ஓர் ஆப். உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். அது சத்தம் போட்டதும் நடக்க வேண்டும். மறுபடி சத்தம் வந்தால் ஓட வேண்டும். மூச்சு நன்றாகப் பழகிவிடுமாம்.

போலீஸ் வேலைக்குத்தான் இந்தப் பாடு. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான், ஓட்டம் மட்டும் பாக்கி. வயது வரம்புப்படி அதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் சொன்னால் தூக்கத்தைத் தொலைத்துவிடுவார் என்று சொல்லவில்லை.

ஆப்பில் முதலில் மெல்லிய 'பீப்'தான் இருந்தது. "அலை சத்தத்துல இது எங்க கேக்குது பாப்பா? நம்ம வேலைக்கு ஏத்த மாதிரி வெக்கிறேன் பாரு" என்று அவனே தேடி ஒரு விசில் சத்தத்தை வைத்தான். அன்றே சீருடை கைக்கு வந்துவிட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொண்டான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போகப் போக அவன் யோசிக்கவே தேவையில்லாமல் போயிற்று. ஓடும்போது விசில் வந்தால் கால் தானாக நடைக்கு மாறிவிடும். டைமரை அணைத்துவிட்டு முழு தூரத்தையும் ஓடிப் பார்த்தபோது, சில நொடிகள் மிச்சம் வைத்து நேரத்துக்குள் வந்துவிட்டான்.

தேர்வு செங்கல்பட்டில் ஒரு மைதானத்தில் நடந்தது. போனை உள்ளே விடவில்லை. வாங்கிக்கொண்டு கம்பிவேலிக்கு வெளியே மற்றவர்களோடு நின்றேன். அண்ணன் அழகாக ஓடினான், முன்னால் மூன்று நான்கு பேர்தான். கடைசிச் சுற்றில், மைதானத்தின் அந்தப் பக்கம் கயிறு ஏறுகிறவர்களுக்காக யாரோ விசில் ஊதினார். அண்ணன் நடக்க ஆரம்பித்தான்.

கை இடுப்புக்குப் போயிற்று, மூச்சை நிதானமாக இழுத்து விட்டான், கடற்கரையில் செய்வது போலவே. "ண்ணா! அது உனுக்கு இல்லண்ணா! ஓடு!" என்று வேலியைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். என்னைச் சுற்றி எல்லோரும் அவரவர் பிள்ளையின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவனைத் தாண்டிய பிறகுதான் திடுக்கிட்டு ஓடினான். அவன் கோட்டைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்த வேலியை இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது.

"யாருக்கோ ஊதுனாங்க, என் காலு கேட்டுக்கிச்சு" என்றான் வெளியே வந்து.

இன்று அவன் கல்பாக்கத்தில் வேன் ஓட்டுகிறான். அம்மா விடுவதாக இல்லை. காலையில் நாஸ்தா வைக்கும்போதே, "அந்த போலீஸ் செலக்சன் மறுக்கா எப்படா வருது? வுட்றாத, ஓடிக்கினே இரு" என்கிறார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வரும்மா" என்கிறான் அண்ணன். நானும் "வரும்மா" என்கிறேன்.