ஜரீனா இல்லாத படம்

போன ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்தில் ஒரு படம் பார்த்தேன். டிக்கெட் இல்லை, இடைவேளை இல்லை... டீ மட்டும் உண்டு. ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிக் காட்டினார்கள்.

எடுத்தவள் என் தோழி சுகந்தி. கேமரா, எடிட்டிங், பெட்டி தூக்குவது எல்லாம் அவளேதான். கல்யாண வீடியோ எடிட் செய்வது பிழைப்பு. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பெண்களுக்கு என்ன ஆகிறது என்பது அவள் எடுக்கும் டாக்குமெண்டரி. 'பெண்ணியவாதி' என்று யாராவது கிண்டலடித்தால், "ஆமா, அதுக்கென்ன?" என்பாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தில் வருகிறவர்கள் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டுவாள். இந்த முறை, செராமிக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள். அவரவர் முகம் வந்தபோது சிரித்தார்கள். பக்கத்தில் இருப்பவளின் முகம் வந்தபோது இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

முடிந்ததும் கைதட்டல். ஜரீனா மட்டும் தட்டவில்லை. கரண்ட் பெட்டியில் மாட்டும் பீஸ் கட்டைகளில் பிசிறு எடுக்கும் வேலை அவருக்கு. கணவர் சவுதியில். நல்ல புடவை கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நா எங்க மேடம்?"

சுகந்தி தயங்கினாள். பிறகு உண்மையைச் சொன்னாள். போன வாரம் ஜரீனாவின் கொழுந்தனார் போன் செய்திருக்கிறார். 'அண்ணன் பாத்தா சங்கடப்படுவாரு மேடம், அவங்க பேசுனத எடுத்துடுங்க' என்று... மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்.

அப்படி என்ன பேசிவிட்டார்? "அவரு வந்துட்டா வேலைய வுட்டுடணும்னு சொல்றாரு. மொதல்ல வரட்டுங்க." அவ்வளவுதான்.

"உங்களுக்கு வீட்ல பிரச்சினை ஆகிடக் கூடாதுன்னுதான் எடுத்தேன்..." என்றாள் சுகந்தி.

ஜரீனா குரலை உயர்த்தவில்லை. "படம் புடிக்கிறப்ப எங்கிட்ட கேட்டீங்க. வெட்றப்ப எங் கொழுந்தனாருகிட்ட கேட்டுக்கிட்டீங்களா?"

சுகந்தியின் முகம் சுண்டிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால், கேள்வி நியாயமானதுதானே?

ஒரு பெண்ணின் நல்லதுக்கு என்று ஆரம்பிக்கிற எந்த முடிவையும் எடுத்துக்கொள்ளுங்கள் — மாமாவைக் கேட்போம், சித்தப்பாவைக் கேட்போம், எதற்கும் இருக்கட்டும் என்று ஜோசியரையும் கேட்போம். அவளைக் கேட்க மட்டும் மறந்துவிடும். இந்த மறதியில் பழமைவாதி, பெண்ணியவாதி என்ற பாகுபாடு கிடையாது போலிருக்கிறது.

"எங்க வூட்டுல நா பேசிக்கிறேன் மேடம். நீங்க உங்க படத்த பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, கூட்டி வந்த பெண்களோடு ஜரீனா இறங்கிப் போய்விட்டார். திரும்பும் பஸ் சேத்தியாத்தோப்பு தாண்டுவதற்குள் ஜரீனாவுக்குப் போன் போட்டு, சேர்த்துவிடலாமா என்று சுகந்தி கேட்டுவிட்டாள். அன்றைக்கே வெட்டியதை மறுபடி சேர்த்துவிட்டாள்.

புதன்கிழமை கொழுந்தனாரிடமிருந்து போன்.

"திரும்ப சேத்துட்டீங்களாமே மேடம்? யாரக் கேட்டு சேத்தீங்க?"

"ஜரீனாவைக் கேட்டுத்தாங்க. உங்க வீட்லதானே இருக்காங்க? நீங்களும் ஒரு வாட்டி அவங்களக் கேட்டுப் பாருங்களேன்."

இதுவரை கேட்டதாகத் தகவல் இல்லை.